துணைவலியும் தேர்தல் கணக்கும்: 2004 மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய மதிப்பீடுகள்

பதின்மூன்றாம் மக்களவை 2004 பிப்ரவரி 6 அன்று கலைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் வரை அதற்கு ஆயுள் இருந்தது. ஆட்சியில் இருந்த பாரதிய ஜனதா கட்சி, எட்டு மாதங்கள் பொறுத்திருப்பதைவிட உடனடியாக மக்களைச் சந்திப்பதே நன்மை தரும் எனக் கருதியது. அக்கருத்துக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. 2003 டிசம்பரில் நடந்த சட்டமன்றத் தேர்தல்களில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் ஆகிய மூன்று மாநிலங்களையும் அக்கட்சி காங்கிரசிடமிருந்து கைப்பற்றியிருந்தது. 2002இன் வறட்சிக்குப் பின் 2003இல் பருவமழை நன்கு பெய்திருந்தது. அவ்வாண்டின் அக்டோபர் - டிசம்பர் காலாண்டில் பொருளாதார வளர்ச்சி 10 விழுக்காட்டைத் தாண்டியது. பிரதமர் வாஜ்பாயின் தனிப்பட்ட செல்வாக்கு உயர்ந்தே இருந்தது. 'இந்தியா ஒளிர்கிறது' என்னும் விளம்பரம் நாளிதழ்களையும் தொலைக்காட்சிகளையும் நிறைத்தது. ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த கருத்துக்கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்குத் தெளிவான பெரும்பான்மையைக் காட்டின. அவற்றுள் சில 300 இடங்களையும் தாண்டின.

மே 13 அன்று வாக்குகள் எண்ணப்பட்டபோது காங்கிரஸ் 145 இடங்களையும் பாரதிய ஜனதா 138 இடங்களையும் பெற்றிருந்தன. முன்னரே சொல்லப்பட்டவை ஏன் பொய்த்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதனோடு பிணைந்த மற்றொன்றும் இங்கு ஆராயப்படுகிறது. தேர்தலுக்குப் பின்னர் அம்முடிவுக்குக் கூறப்பட்டு, இன்றுவரை பாடநூல் உண்மைபோல் வழங்கிவரும் விளக்கம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதே அது.

வலியறிதல் என்னும் அளவுகோல்

திருக்குறள் பொருட்பாலில் வலியறிதல் என்பது 48ஆம் அதிகாரம். செயலில் இறங்கும் முன் அரசன் எடைபோட வேண்டியவை நான்கு என்று அதன் முதற் குறள் வகுக்கிறது. மேற்கொள்ளும் வினையின் கடுமை, தன் ஆற்றல், எதிரியின் ஆற்றல், துணையாவாரின் ஆற்றல் என்பன அவை. இவற்றுள் நான்காவதற்குப் பரிமேலழகர் உரை காணும் முறை சிறப்பாக நோக்கத்தக்கது. தனக்குத் துணையாவார் என்று மட்டும் அவர் கொள்ளவில்லை. இருவர்க்கும் துணையாவார் என்று விரித்துப் பொருள் உரைக்கிறார். பகைவனுக்கு யார் துணை சேர்வர் என்பதும் கணக்கில் சேர வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். மூலத்தில் வெளிப்படையாக இல்லாத இச்சொல் உரையாசிரியரின் நுட்பத்துக்கு ஒரு சான்று. 2004இல் ஆளுங்கட்சி தவறவிட்டதும் சரியாக இதுவே.

முடியாட்சிக் காலத்து நூல் ஒன்றின் அளவுகோலை வாக்குரிமைக் காலத்துக்குப் பொருத்துவது முறையா என்னும் வினா எழலாம். ஒரு தொகுதியில் மிகுதியான வாக்குப் பெற்றவர் ஒருவரே வெற்றி பெறும் தேர்தல் முறையில், எதிரணி பிரிந்து நிற்கிறதா, சேர்ந்து நிற்கிறதா என்பது தன் வாக்கைவிட முதன்மை பெறுவதுண்டு. டேவிட் பட்லர், அசோக் லாஹிரி, பிரணாய் ராய் ஆகியோர் இந்தியத் தேர்தல்களை ஆராய்ந்தபோது, எதிர்க்கட்சிகளின் ஒற்றுமையை அளக்கத் தனியே ஒரு குறியீட்டை வகுத்துக்கொண்டனர். உரையாசிரியர் ஒரு சொல்லால் சுட்டியதை இவர்கள் எண்ணால் அளக்க முயன்றனர் எனலாம்.

டிசம்பர் வெற்றியின் மதிப்பு

மூன்று மாநில வெற்றியை வைத்து நாடு முழுவதையும் கணித்தது பிழை என்று பின்னர்ப் பலரும் எழுதினர். ஆனால் அம்மாநிலங்களைப் பொறுத்தவரை கணிப்பு முழுதும் சரியாகவே இருந்தது. 2004இல் மத்தியப் பிரதேசத்தின் 29 இடங்களில் 25, ராஜஸ்தானின் 25இல் 21, சத்தீஸ்கரின் 11இல் 10 என மொத்தம் 65இல் 56 இடங்களைப் பாரதிய ஜனதா வென்றது. டிசம்பரில் வீசிய காற்று மே வரை மாறவில்லை.

அந்த வெற்றி கூடுதலாகக் கொடுத்தது எவ்வளவு என்று கேட்கும்போதுதான் உண்மை புலப்படுகிறது. 1999இலேயே இதே நிலப்பரப்பில் அக்கட்சி 45 இடங்களை வென்றிருந்தது. ஆகவே டிசம்பர் எழுச்சியின் முழுப் பயனும் 11 இடங்களே. 543 இடங்கள் கொண்ட அவையில் 11 இடங்களைத் தரவல்ல ஒரு செய்தி, எட்டு மாத ஆட்சியைத் துறப்பதற்குப் போதிய காரணமாகக் கொள்ளப்பட்டது. அதே டிசம்பரில் டில்லிச் சட்டமன்றத்தின் 70 இடங்களில் 47ஐ வென்று காங்கிரஸ் ஆட்சியைத் தக்கவைத்ததும் நிகழ்ந்தது. அது குறித்து அதிகம் பேசப்படவில்லை.

பிரிந்த துணையும் அமிழ்த்திய துணையும்

1999இல் தமிழ்நாட்டில் தேசிய ஜனநாயகக் கூட்டணி வென்றவை 26 இடங்கள். தி.மு.க. 12, பா.ம.க. 5, ம.தி.மு.க. 4, பாரதிய ஜனதா 4, எம்.ஜி.ஆர். அ.தி.மு.க. 1 என அது அமைந்தது. 2003இன் இறுதியிலும் 2004இன் தொடக்கத்திலுமாக தி.மு.க., ம.தி.மு.க., பா.ம.க. மூன்றும் அடுத்தடுத்து விலகின. பாரதிய ஜனதா அ.தி.மு.க.வுடன் உடன்பாடு கண்டது. 1999 ஏப்ரலில் ஆதரவை விலக்கிக்கொண்டு, ஒரே ஒரு வாக்கில் வாஜ்பாய் அரசு கவிழக் காரணமான கட்சி அது என்பதை நினைவிற் கொண்டால், பழைய மனக்கசப்பைக் காட்டிலும் புதிய கணக்கு வலுவாக இருந்தமை விளங்கும். 2001 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. பெற்ற பெருவெற்றியே அக்கணக்கின் அடிப்படை. ஆனால் அவ்வெற்றி, தமிழ் மாநில காங்கிரஸ், காங்கிரஸ், பா.ம.க., பொதுவுடைமைக் கட்சிகள் ஆகியவற்றை உடன்கொண்டு பெற்றது. 2004இல் அவை அனைத்தும் எதிர்ப்புறம் நின்றன. ஓர் அணியின் வலிமையை ஒரு கட்சியின் வலிமையாகப் படித்தமை இங்கு நேர்ந்த முதற் பிழை.

இரண்டாவது பிழை, இடைப்பட்ட மூன்றாண்டுகளை எண்ணாமல் விட்டது. 2002இன் கட்டாய மத மாற்றத் தடைச் சட்டம், அதே ஆண்டு பொடாச் சட்டத்தின்கீழ் வைகோ கைது செய்யப்பட்டது, 2003 சூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பெருந்தொகையாகப் பணிநீக்கம் செய்யப்பட்டது ஆகியவை மாநிலத்தின் மனநிலையை மாற்றியிருந்தன. அரசு ஊழியர் ஒருவரின் வேலை பறிபோவது ஒரு வாக்கை மட்டும் பாதிப்பதன்று. அச்சம் அவருடைய தெரு முழுவதற்கும் பரவும். தலைநகரிலிருந்து நோக்கியவர்க்கு இது மாநிலச் செய்தியாகவே தெரிந்தது.

முடிவு வியப்பானது. தமிழ்நாட்டில் தனிக்கட்சி அளவில் மிகுதியான வாக்கைப் பெற்றது அ.தி.மு.க.தான். அது ஏறத்தாழ 30 விழுக்காடு பெற்றது. 16 தொகுதிகளில் மட்டும் போட்டியிட்ட தி.மு.க. ஏறத்தாழ 25 விழுக்காடு. இருப்பினும் அ.தி.மு.க.வுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. எதிரணி 57 விழுக்காட்டுக்கும் சற்று மேலான வாக்குகளைப் பெற்று 39 இடங்களையும் வென்றது. பாரதிய ஜனதா போட்டியிட்ட 6 இடங்களையும் இழந்தது. 26 இடங்கள் என்பது சுழியாயிற்று.

ஆந்திரப் பிரதேசத்தின் கதை வேறு வகையினது. அங்குத் துணை பிரியவில்லை. தெலுங்கு தேசம் உடனிருந்தது. 1999இல் அதற்கு 29, பாரதிய ஜனதாவுக்கு 7 என 42இல் 36 இடங்கள் கிடைத்திருந்தன. 2003 அக்டோபரில் திருப்பதிக்கு அருகே அலிபிரியில் நடந்த குண்டுவெடிப்பில் உயிர் தப்பிய முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, அனுதாப அலை எழும் என்று கருதிச் சட்டமன்றத்தைக் கலைத்தார். அவர் விரும்பியவாறு தேர்தல் உடனே நடக்கவில்லை. மக்களவைத் தேர்தலோடு சேர்ந்தே நடந்தது. அதற்குள் அனுதாபம் ஆறிப்போய் வறட்சி முன்னே வந்து நின்றது. 2003 ஏப்ரலில் செவெள்ளாவில் தொடங்கி ராஜசேகர ரெட்டி மேற்கொண்ட நெடு நடைப்பயணம், உழவர்க்கு இலவச மின்சாரம் என்னும் வாக்குறுதி, 2001இல் தோன்றிய தெலங்கானா ராஷ்டிர சமிதியுடன் காங்கிரஸ் செய்துகொண்ட உடன்பாடு, பொதுவுடைமைக் கட்சிகளின் துணை ஆகிய யாவும் ஒரு திசையில் சேர்ந்தன. 294 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் தெலுங்கு தேசம் 47ஆகச் சுருங்கியது. மக்களவைக்கு அது பெற்றவை 5. பாரதிய ஜனதாவுக்கு ஒன்றுமில்லை.

இங்கும் ஒரு முரண் கருதத்தக்கது. 1999இல் ஆந்திரத்தில் காங்கிரஸ் ஏறத்தாழ 43 விழுக்காடு வாக்குப் பெற்று வென்ற இடங்கள் 5. 2004இல் ஏறத்தாழ 41.5 விழுக்காடு பெற்று வென்றவை 29. சில தொகுதிகளைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்ததால் அதன் சொந்த வாக்கு விழுக்காடு குறைந்தது. விட்டுக்கொடுத்ததனாலேயே இடங்கள் கூடின.

ஆக, இரு மாநிலங்களில் மட்டும் ஆளும் அணி இழந்தவை 57 இடங்கள். டிசம்பர் எழுச்சி தந்த 11 இடங்களை இதனோடு வைத்துப் பார்த்தால் கணக்கு எங்கே பிசகியது என்பது தெளிவாகும். பீகாரிலும் ஜார்க்கண்டிலும் 1999இல் பாரதிய ஜனதாவும் ஐக்கிய ஜனதா தளமும் சேர்ந்து 54இல் 41 இடங்களை வென்றிருந்தன. குஜராத் வன்முறையை ஒட்டி 2002 ஏப்ரலில் அமைச்சரவையிலிருந்து விலகிய ராம்விலாஸ் பாஸ்வான், 2004இல் லாலு பிரசாத்துடனும் காங்கிரசுடனும் சேர்ந்தார். 41 என்பது 12ஆயிற்று. ஜார்க்கண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்குப் பெற்றுத் தனிக்கட்சிகளுள் முதலிடம் பெற்ற பாரதிய ஜனதாவுக்கு 14இல் ஒரே ஓர் இடம் கிடைத்தது. ஹரியானாவில் 1999இல் இந்திய தேசிய லோக் தளத்துடன் சேர்ந்து பத்து இடங்களையும் வென்ற கட்சி, அவ்வுறவு முறிந்தபின் ஓர் இடத்தோடு நின்றது. பிரிந்த தோழமைக் கட்சி ஓர் இடமும் பெறவில்லை.

உத்தரப் பிரதேசத்துக்கு இவ்விளக்கம் பொருந்தாது. அங்குக் காங்கிரஸ் தனித்தே நின்று 9 இடங்களைப் பெற்றது. பாரதிய ஜனதாவின் சரிவு (80இல் 10) சமாஜ்வாதி, பகுஜன் சமாஜ் என்னும் இரு கட்சிகளின் உறுதியால் விளைந்தது. 2002இல் மாயாவதி ஆட்சிக்குத் துணைநின்று 2003இல் உறவு முறிந்த கட்சி, தன் வலிமையையே அங்குத் தவறாக மதித்தது எனலாம்.

மாற்றார் செய்த திருத்தம்

காங்கிரஸ் இக்கணக்கில் தொடக்கத்திலிருந்தே தெளிவாக இருந்தது என்று கொள்வதற்கில்லை. 1998 செப்டம்பரில் பச்மடியில் கூடிய அக்கட்சியின் சிந்தனை முகாம், கூட்டணி ஆட்சி என்பது தற்காலிக நிலையே என்னும் கருத்தில் நின்று, தனித்து ஆளும் இலக்கை வலியுறுத்தியது. அதன்பின் 1999இல் 114 இடங்களே கிடைத்தன. 2003 சூலையில் சிம்லாவில் கூடியபோதுதான் ஒத்த கருத்துடைய கட்சிகளோடு சேர்வது என்னும் நிலைக்கு அது வந்தது. அண்டை வீட்டுக்காரரான பாஸ்வானின் இல்லத்துக்குச் சோனியா காந்தி தாமே சென்றதும், மகாராட்டிரத்தில் தம் பிறப்பைக் காரணம் காட்டிப் பிரிந்துபோன சரத் பவாருடன் உடன்பட்டதும், 1997இல் தம் கட்சியே குஜ்ரால் அரசைக் கவிழ்க்கக் காரணமாக்கிய தி.மு.க.வுடன் சேர்ந்ததும் இதன் விளைவுகளே. இந்நிகழ்ச்சிகள் நாளிதழ்களில் வெளிப்படையாக வந்தன. மறைவில் நடந்தவை அல்ல. ஆயினும் அவை நாட்டின் மனநிலையைக் காட்டும் செய்தியாக மதிக்கப்படவில்லை. வலிமை குன்றிய கட்சியின் தவிப்பாகவே மதிக்கப்பட்டன.

விரிச்சியும் கருத்துக்கணிப்பும்

பழந்தமிழர் போருக்குச் செல்லுமுன் விரிச்சி கேட்பது வழக்கம். வெட்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் இதனைச் சுட்டுகிறது. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நெல்லும் மலரும் தூவி நிற்கின்றனர். கன்றைத் தேற்றும் ஆயர்மகளின் சொல் அவர்கள் காதில் விழுகிறது. தாய்ப்பசு வந்துவிடும் என்பது அச்சொல்லின் பொருள். தலைவன் மீள்வான் என்பதற்கு அதுவே குறியாகிறது. ஆயர்மகள் போரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதே இங்குக் கருத வேண்டியது. கேட்டவர் வேண்டியதைக் கேட்டனர்.

2004இன் கருத்துக்கணிப்புகளில் மக்களிடம் கேட்கப்பட்டவற்றுள் பிரதமராக யாரை விரும்புகிறீர்கள் என்பது முதன்மையான ஒன்று. வாஜ்பாயை என்று பலரும் விடையளித்தனர், அது பொய்யன்று. ஆனால் திருச்சியிலோ கரீம்நகரிலோ வாக்களிப்பவர் முன் இருந்த பொறியில் வாஜ்பாயின் பெயர் இல்லை. நாடு முழுதும் மின்னணு வாக்குப்பதிவுப் பொறி பயன்பட்ட முதல் மக்களவைத் தேர்தல் அது. அப்பொறியில் அவர் தம் மாநிலத்தின் சின்னங்களையே கண்டார். ஒரு வினாவுக்குக் கிடைத்த விடையை வேறொரு வினாவுக்கு உரியதாகக் கொண்டதே பிழை. வாக்கு விழுக்காட்டை இடங்களாக மாற்றும் பணியோ இன்னும் கடினமானது. புதிய கூட்டணிகள் அமைந்த மாநிலங்களில் பழைய தேர்தலின் வாய்பாடு உதவாது. பிப்ரவரியில் கணித்தவர்களுக்குக் கூட்டணிகளின் இறுதி வடிவமே தெரிந்திருக்க வழியில்லை என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 20 முதல் மே 10 வரை நான்கு கட்டங்களாக வாக்குப்பதிவு நடந்தது. கட்டங்களுக்கு இடையே வாக்களித்தோரிடம் எடுத்த கணிப்புகளும் அப்போது ஒளிபரப்பாயின. இதற்கான சட்டத்தடை 2009இன் திருத்தத்தால் பின்னரே வந்தது. இக்கணிப்புகள் ஆளும் அணியின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தன. இறுதியில் அவை ஏறத்தாழ 230 முதல் 275 வரை கொடுத்தன. உண்மையில் அவ்வணி 190ஐயும் எட்டவில்லை. சரிவை உணர்ந்தும் அதன் ஆழத்தைச் சொல்லக் கணிப்பாளர் தயங்கினர் எனக் கருத இடமுண்டு.

முடிவுக்குப் பிந்தைய விளக்கம்

மே 13க்குப் பின் ஒரு விளக்கம் விரைவில் நிலைபெற்றது. ஒளிராத சிற்றூர் இந்தியா, ஒளிர்ந்த நகர இந்தியாவைத் தோற்கடித்தது என்பது அது. கேட்பதற்கு இனிய இவ்விளக்கத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆந்திரமே அதற்குச் சான்று. ஆனால் நாடு முழுமைக்கும் இது பொருந்துமாயின், தலைநகர் டில்லியின் 7 இடங்களில் 6ஐக் காங்கிரஸ் வென்றது எங்ஙனம்? மும்பையின் 6 இடங்களில் 5ஐ அக்கட்சி பெற்றது எங்ஙனம்? மறுபுறம், சிற்றூர்கள் மிகுந்த ராஜஸ்தானும் மத்தியப் பிரதேசமும் பாரதிய ஜனதாவுக்கு ஏன் அள்ளிக் கொடுத்தன? காங்கிரஸ் ஆண்ட கேரளத்தில் 20இல் ஓர் இடமும் அக்கட்சிக்குக் கிடைக்காததற்கு எந்த ஒளியை அல்லது இருளைக் காரணம் காட்டுவது?

இரு பெருங்கட்சிகளின் வாக்கு நிலையும் இதனை ஐயத்துக்குள்ளாக்குகிறது. 1999இல் 28.30 விழுக்காடாக இருந்த காங்கிரசின் வாக்கு 2004இல் 26.53 ஆகவும், பாரதிய ஜனதாவின் வாக்கு 23.75இலிருந்து 22.16 ஆகவும் குறைந்தன. காங்கிரஸ் போட்டியிட்ட இடங்கள் 453இலிருந்து 417 ஆகக் குறைந்தமை இதற்கு ஒரு காரணம். எனினும் நாடு தழுவிய ஒரே தீர்ப்பு என்பதற்கு இவ்வெண்கள் இடந்தரவில்லை. பல மாநிலங்களின் வெவ்வேறு தீர்ப்புகள் ஒரே நாளில் எண்ணப்பட்டன என்பதே பொருத்தமாகும். அம்மாநிலங்களுள் பலவற்றில் ஆளுங்கட்சிக்கு எதிரான மனநிலை காணப்பட்டது. அவ்வாண்டில் தேர்தலை முன்கூட்டியே அழைத்த தலைவர்களுள் மூவரை இங்குக் குறிப்பிடலாம். வாஜ்பாய், சந்திரபாபு நாயுடு ஆகியோரோடு கர்நாடகத்தின் எஸ்.எம். கிருஷ்ணாவும் அவர்களுள் ஒருவர். மூவரும் பதவி இழந்தனர். இவர்களுள் கிருஷ்ணா காங்கிரஸ்காரர்.

பிழையான விளக்கம் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. இடதுசாரிகளின் ஏறத்தாழ 60 உறுப்பினர் ஆதரவில் புதிய அரசு அமையும் என்ற செய்தி பரவியதும், மே 17 அன்று மும்பைப் பங்குச் சந்தையில் ஏற்பட்ட வீழ்ச்சியால் வணிகம் இருமுறை நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் அதே வாரத்தில் மத மாற்றத் தடைச் சட்டத்தைத் திரும்பப் பெறுவது உள்ளிட்ட பல அறிவிப்புகளை மாநில அரசு வெளியிட்டது. மாநில ஆட்சி மீது சொல்லப்பட்ட தீர்ப்பு என்று அவ்வரசு புரிந்துகொண்டதை இது காட்டுகிறது. அந்த வாசிப்பு டில்லியின் வாசிப்பைவிட நுட்பமானது.

2024இலும் வாக்களித்தோர் கணிப்புகள் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேற்பட்ட இடங்களைக் காட்டின. வந்தவை 293. அவற்றுள் பாரதிய ஜனதாவின் 240 பெரும்பான்மைக்குப் போதவில்லை. குறையை நிரப்பியவற்றுள் பெரியவை ஆந்திரத்தின் தெலுங்கு தேசம் வென்ற 16 இடங்களும் பீகாரின் ஐக்கிய ஜனதா தளம் வென்ற 12 இடங்களும் ஆகும்.